கல்லில் இல்லாத காக்கைவன்னியன்

உண்மையைச் சொன்னால் நாங்கள் கச்சான் வாங்கத்தான் போனோம். போயா விடுமுறை, கிளிநொச்சியில் ஐந்து பேர், மூன்று மோட்டார் சைக்கிள், செய்ய ஒரு வேலையும் இல்லை. "முறிகண்டிக்குப் போய்ப் பிள்ளையாரையும் கும்பிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டு வருவம்" என்று ஒருவன் சொன்னான். ஏ9 வீதியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டியில் நிற்காமல் போகாது. நாங்களும் நின்றோம், கும்பிட்டோம், சுடச்சுட ஆளுக்கொரு பை வாங்கினோம். அதோடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கையில் கச்சான் இருந்தால் வீதி நீளமாகிவிடும். "மாங்குளம் மட்டும் போவம் மச்சான்." மாங்குளத்தில் பிளேன்ரீ குடிக்கிற நேரம் இன்னொருவன், "இதிலை இடப்பக்கம் திரும்பினால் ஒட்டுசுட்டான். பண்டாரவன்னியன்ரை கல்லை ஆராவது பாத்திருக்கிறியளோ?" என்று கேட்டான்.

ஒருத்தரும் பார்த்திருக்கவில்லை. ஐந்து பேரும் வன்னியில் பிறந்து வளர்ந்தவர்கள். பண்டாரவன்னியனுக்கு வவுனியாவில் சிலை இருக்கிறது, அதைப் பேருந்து யன்னலால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம், பேச்சுப்போட்டியில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம். அவன் தோற்ற இடத்துக்கு மட்டும் போனதில்லை.

எங்களுக்குள் ஒருவனுக்கு இந்தக் கதையில் தனி உரிமை உண்டு. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூட மேடையில் பண்டாரவன்னியன் நாடகம் போட்டபோது இவன்தான் காக்கைவன்னியன். நன்றாக நடித்துவிட்டான், அதுதான் பிழை. அன்றையில் இருந்து அவன் பெயர் 'காக்கா'. என்னுடைய போனிலும் அவன் நம்பர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற வீதி இப்போது நல்ல வீதி. இரண்டு பக்கமும் காடு, இடைக்கிடை வயல், யானை கடக்கும் என்று எச்சரிக்கிற பலகைகள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் நிறுத்தினோம். குரக்கன் அறுத்த ஒட்டுக்களைச் சுட்ட இடத்தில் லிங்கம் தோன்றியது, அதனால்தான் ஒட்டுசுட்டான் என்பது ஊரில் சொல்கிற பெயர்க்கதை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். பெரிய அரசன் யாரும் வராமல், சேனைப்பயிர் செய்த ஒருவனுடைய வேலையில் இருந்து ஊருக்குப் பெயர் வந்திருக்கிறது. அங்கிருந்து கற்சிலைமடு தூரமில்லை.

கல்லைப் பார்த்ததும் முதலில் ஏமாற்றம்தான். பெரிய தூபி ஒன்றை மனதுக்குள் கட்டிக்கொண்டு போயிருந்தோம். கல்லில் இருப்பதோ ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம். இந்தப் பக்கத்தில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31. அவ்வளவுதான்.

இரண்டு தரம் வாசித்த பிறகுதான் அந்த வசனம் வேலை செய்யத் தொடங்கியது.

முதலாவது, இது வென்றவனுடைய கல். எங்கள் ஊரில் ஒருவன் வெள்ளைக்காரனோடு சண்டை பிடித்தான் என்பதற்குக் கல்லில் வெட்டிய சாட்சி வேண்டுமென்றால் அவனைத் தோற்கடித்தவர்கள் வைத்த கல்லிடம்தான் போகவேண்டியிருக்கிறது. வெற்றியைப் பறைசாற்ற வைத்த கல்லுக்கு இன்றைக்குத் தோற்றவனுடைய ஆட்கள் மாலை போடுகிறார்கள். வைத்தவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது, அது 'இந்த இடத்தில்' என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லுக்கு 'இங்கினைக்குள்ளை எங்கையோ' என்றுதான் அர்த்தம். சண்டை முடிந்த கையோடு நட்ட கல்லில் அப்படி எழுதமாட்டார்கள். சரியான இடம் மறந்துபோன பிறகு, கேட்டறிந்து வைத்த கல்லாகத்தான் எனக்குப் படுகிறது.

மூன்றாவதுதான் எங்களை அதிலேயே உட்காரவைத்தது. கல் 'தோற்கடித்தார்' என்று சொல்கிறது. 'கொன்றார்' என்று சொல்லவில்லை.

"இவன் இதிலை சாகேல்லையோ?" என்று காக்கா கேட்டான். மேடையில் தன் சூழ்ச்சியால் பண்டாரவன்னியன் செத்து விழுந்ததைத் தன் கண்ணால் கண்டவன் அவன்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 1803ஆம் ஆண்டை முழுதாகப் பார்க்கவேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வன்னியைத் தனித்தீவாகத்தான் படித்தோம். பண்டாரவன்னியன் ஒருநாள் கோபம் வந்து வாளை எடுத்தான், வெள்ளைக்காரனை அடித்தான், பிறகு காட்டிக்கொடுக்கப்பட்டான் என்ற மாதிரி. ஆனால் அந்த வருடம் இலங்கை முழுதும் எரிந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயர் 1795-96இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரங்களைப் பிடித்தார்கள். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1803 தொடக்கத்தில் கண்டிக்குப் படை அனுப்பி, முத்துசாமி என்பவரைத் தங்கள் பொம்மை அரசனாக அங்கே இருத்தினார். உண்மையான அரசன் சிறீ விக்கிரமராஜசிங்கன் மலைக்குள் பின்வாங்கிக் காத்திருந்தான். காய்ச்சலும் பசியும் ஆங்கிலேயப் படையைத் தின்றன. ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்தார். முத்துசாமியைக் கையளிக்கவேண்டி வந்தது, படையில் பெரும்பாலானவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு கண்டிப் படைகள் இறங்கிவந்து கரையோரக் காவல் நிலையங்களை ஒவ்வொன்றாகத் தாக்கத் தொடங்கின. கொழும்புக்குக் கிட்ட ஹங்வெல்ல வரைக்கும் வந்துவிட்டார்கள்.

பண்டாரவன்னியன் எழுந்தது இந்த மாதங்களில்தான். கண்டியின் உதவியோடுதான். முல்லைத்தீவில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையில் ஆங்கிலேயருக்காக நின்றவர் இதே டிரிபேர்க். பண்டாரவன்னியன் அடித்தபோது அவர் கோட்டையை விட்டுவிட்டுக் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டியதாயிற்று. ஓகஸ்ட் 25 என்று நாங்கள் நினைவுகூருகிற நாள் அதுதான். ஒரு விசித்திரம் என்னவென்றால், அதே நாளை ஒரு பக்கத்தில் வெற்றி நாள் என்கிறார்கள், இன்னொரு பக்கத்தில் நினைவு நாள் என்று விளக்கேற்றுகிறார்கள். முல்லைத்தீவோடு அவன் நிற்கவில்லை. வடக்கில் பெரும்பகுதியைக் கலக்கி, ஆனையிறவு வரைக்கும் துணிந்து வந்தான் என்று சொல்வது எங்கட ஆட்கள் மட்டுமல்ல, ஆங்கிலேயருடைய குறிப்புகளும்தான். ஆனையிறவு என்றால் என்ன என்று வன்னிப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த ஒடுக்கமான வாசலை வைத்திருப்பவனிடம்தான் குடாநாட்டின் சாவி.

பிறகு ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படையை அனுப்பினார்கள். ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் அகப்பட்டது டிரிபேர்க்கின் படையிடம். முல்லைத்தீவை விட்டு ஓடிய அதே ஆள், இரண்டு மாதத்துக்குப் பிறகு திரும்பிவந்து கணக்குத் தீர்த்திருக்கிறார். கல்லில் அவருடைய பெயர் முன்னுக்கு நிற்பதில் ஆச்சரியமில்லை. (வொன் டிரிபேர்க் என்பது ஜேர்மன் பெயர். வெள்ளைக்காரன் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம், அந்தப் படைகளுக்குள் ஜேர்மன்காரன், மலாய்க்காரன், இந்தியச் சிப்பாய் என்று எத்தனையோ பேர்.)

பண்டாரவன்னியன் அன்றைக்குச் சாகவில்லை. சண்டையில் தோற்றான், படை சிதறியது, அவன் காட்டுக்குள் போய்விட்டான். சில வருடங்களுக்குப் பிறகும் ஆங்கிலேய அதிகாரிகளின் எழுத்துகளில் அவன் பெயர் வந்துகொண்டிருக்கிறது. வன்னியில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல்தான் இந்தக் காலத்தை அறிய இன்றைக்கும் எல்லாரும் எடுத்துப் பார்க்கிற புத்தகம். அதையும் வென்றவன் பக்கத்துப் புத்தகமாகவே வாசிக்கவேண்டும். ஆனாலும் வாசிக்கவேண்டும்.

அப்படியென்றால் காக்கைவன்னியன்?

நாடகத்தில் வருகிற கதை எல்லாருக்கும் தெரியும். பண்டாரவன்னியனின் தங்கையை விரும்பி, கிடைக்காமல், வஞ்சம் வைத்து வெள்ளைக்காரனோடு சேர்ந்து, ஆசைவார்த்தை பேசி அவனைக் கூட்டிவந்து மாட்டிக்கொடுத்தவன். முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகத்தாலும் எத்தனையோ பள்ளிக்கூட மேடைகளாலும் இந்தக் கதை எங்கள் இரத்தத்தில் ஊறிவிட்டது. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதிகூட 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். நாடகத்தையோ நாவலையோ நான் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் இந்தப் பெயரே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். லூயிஸின் கைநூலை வாசித்து எந்தப் பிள்ளை மேடையேறியிருக்கும்?

ஆனால் காக்கைவன்னியன் என்ற பெயரை நான் இன்னொரு இடத்தில் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாண வைபவமாலையில். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த நூலில் சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக்கொடுக்கிறவன் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த காக்கைவன்னியன். நண்பனாக வந்து, கட்டித்தழுவி, பிடித்துக்கொடுத்தான். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் விழுந்தது 1619இல். கற்சிலைமடுச் சண்டை 1803இல். இடையில் 184 வருடம். இரண்டு அரசர்கள், இரண்டு அந்நியர்கள், இரண்டு ஊர்கள். காட்டிக்கொடுத்தவனுக்கு மட்டும் ஒரே பெயர்!

அந்தப் பெயரில் உண்மையாகவே இரண்டு பேர் இருந்திருக்கலாம். வன்னியர்களுக்குள் அடிபாடு இருந்ததும் உண்மை. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, மேல்பற்று என்று ஒவ்வொரு பற்றுக்கும் ஒவ்வொரு தலைவர். ஒல்லாந்தருக்கு யானை திறையாகக் கொடுப்பதில் ஒருவன் கொடுப்பான், இன்னொருவன் ஒளிப்பான், மூன்றாமவன் கோள் சொல்வான். இப்படி இருந்த நாட்டில் படையெடுத்து வருகிறவனுக்கு வழிகாட்ட ஒருவனும் இருக்கவில்லை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். மூன்று பக்கத்தாலும் வந்த படைகள் காட்டுக்குள் தாங்களாகவே பாதை கண்டுபிடித்திருக்கவும் முடியாது.

ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான். தோல்வி ஒன்றை விளங்கிக்கொள்ள முடியாதபோது நாங்கள் ஒரு பெயரைத் தேடுகிறோம். அந்தப் பெயர் ஏற்கனவே எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது, எடுத்துத் தூசி தட்டி அடுத்தவனுக்குப் போட்டுவிட்டோம். கண்டியோடு இருந்த கூட்டு, மூன்று முனைத் தாக்குதல், துவக்கும் பீரங்கியும், கண்டிப் படை ஹங்வெல்லவில் தோற்ற பிறகு வன்னிக்கு உதவி எங்கிருந்து வரும் என்ற கேள்வி, இது எல்லாவற்றையும் காக்கைவன்னியன் என்ற ஒருவன் வந்து மூடிவிடுகிறான். அவன் இருந்தால் நாங்கள் ஏன் தோற்றோம் என்று மேலே யோசிக்கத் தேவையில்லை. அதோடு பண்டாரவன்னியனுக்கும் ஒரு அநியாயம் நடக்கிறது. தோற்ற பிறகும் பிடிபடாமல் காட்டுக்குள் வாழ்ந்த அந்த வருடங்கள் கதையில் இருந்து வெட்டுப்பட்டுப் போகின்றன. மேடையில் கடைசிக் காட்சிக்கு ஒரு பிணம் வேண்டும் என்பதற்காக அவனை 1803இலேயே கொன்றுவிட்டோம்.

இதை எல்லாம் நான் கல்லடியில் நின்று ஒரு விரிவுரை மாதிரிச் சொல்லிமுடித்தேன். சனியன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. மற்ற மூன்று பேரும் படமெடுக்கப் போய்விட்டார்கள். காக்கா மட்டும் நின்றான். அவன் சொன்னது இவ்வளவுதான்: "எங்கடை சித்தப்பாவையும் ஒருக்கா அப்பிடித்தான் சொன்னவை."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வன்னியில் 'துரோகி' என்ற சொல் பள்ளிக்கூட நாடகத்தில் மட்டும் இருந்த சொல் இல்லை என்பது எங்கள் வயதுக்காரருக்கும் தெரியும். அது ஒருவருடைய பெயருக்கு முன்னால் வந்து நின்றால் அந்த வீட்டுக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். எத்தனை வருடமாக அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டோம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

வெயில் ஏற, முத்தையன்கட்டுப் பக்கம் போவோம் என்று கிளம்பினோம். பேராறு அங்கேதான் குளமாகத் தேங்குகிறது. கிளிநொச்சிக்காரருக்கு ஆறு என்றால் கனகராயன் ஆறு, குளம் என்றால் இரணைமடு. மற்றக் குளங்களைப் பார்த்தால் "உது ஒரு குளமோ" என்று கேட்கிற ஆணவம் எங்களிடம் இருக்கிறது. ஆனால் முத்தையன்கட்டு அணைக்கட்டில் நின்று காட்டைப் பார்த்தபோது வாய் அடங்கிவிட்டது. வரம்புக்குக் கீழே இறங்கவேண்டாம், காட்டுக்குள் போகவேண்டாம், யானை நிற்கும் என்று மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஐயா ஒருவர் சொன்னார். எங்கிருந்து வந்தோம் என்று கேட்டார். கல்லைப் பார்க்க வந்தோம் என்றோம்.

"கல்லிலை என்ன தம்பியவை கிடக்கு? தண்ணியைப் பாருங்கோ" என்றார்.

அவர் வேறு ஏதோ அர்த்தத்தில் சொல்லியிருப்பார். எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. 'மடு' என்றால் ஆற்றிலோ ஓடையிலோ இருக்கிற ஆழமான பள்ளம். கோடையில் ஆறு மணலாகிப் போனாலும் மடுவில் தண்ணீர் நிற்கும். மாடும் மானும் மனிதரும் அங்கேதான் வருவார்கள். வன்னியின் ஆறுகள் மகாவலி மாதிரி வருடம் முழுதும் ஓடுவதில்லை. மாரி மழைக்கு ஓடி, மற்ற மாதங்களில் படுத்துவிடும். ஒக்டோபர் கடைசி என்றால் கோடை முடிகிற, பெருமழை தொடங்குகிற நேரம். படையோடு நடமாடுகிற ஒருவன் அந்த நேரத்தில் எங்கே தங்குவான்? தண்ணீர் இருக்கும் மடுவில். அவனைத் தேடுகிறவன் எங்கே தேடுவான்? அதே மடுவில். மழை பிடித்துவிட்டால் ஆறுகள் பெருகி, காட்டுப் பாதைகள் சேறாகி, யாழ்ப்பாணத்தில் இருந்தோ மன்னாரில் இருந்தோ ஒரு படையும் உள்ளே வந்திருக்க முடியாது. ஒரு மாதம் தப்பியிருந்தால் மாரி அவனைக் காப்பாற்றியிருக்கும். இது முழுக்க என் ஊகம், ஒரு கடிதத்திலும் நான் இதை வாசிக்கவில்லை. ஆனால் காக்கைவன்னியனைவிடக் காலநிலையை நம்புவது எனக்குச் சுகமாக இருக்கிறது.

முத்தையன்கட்டைத் தாண்டிப் பேராறு வடகிழக்காகப் போய் நந்திக்கடலில் விழுகிறது. அணைக்கட்டில் நின்ற ஐந்து பேருக்கும் அது தெரியும், ஒருவரும் அதைச் சொல்லவில்லை. 1803ஐப் பற்றி இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசிய நானும் சொல்லவில்லை. 2009இல் எங்களுக்கு ஏழு, எட்டு வயது. யார் யாருடைய பிழை என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அந்தப் பேச்சிலும் கடைசியில் ஒரு பெயர்தான் வரும். வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் மட்டும் மாறும்.

திரும்புகிற வழியில் ஒட்டுசுட்டானில் ரோல்ஸும் ரீயும். ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் முடிந்து மற்றதில் இருந்து இறக்கி ஊற்றினோம். மாங்குளம் சந்திக்கு வர இருட்டிவிட்டது.

ரீ குடிக்கும்போது அவனிடம் அந்தப் பள்ளிக்கூட நாடகத்தை யார் எழுதியது என்று கேட்டேன். அச்சில் வந்த நாடகத்தில் இருந்து சில காட்சியை எடுத்து, மிச்சத்தைத் தமிழ் ரீச்சர் தானே எழுதினவர் என்று சொன்னான். காக்கைவன்னியனுக்கு ரீச்சர் ஒரு நீண்ட வசனம் எழுதியிருந்தாராம், தான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அவன் சபைக்குச் சொல்கிற இடம். ஒத்திகையில் அது இருந்தது. நேரம் போதாது என்று விழாவுக்கு முதல்நாள் வெட்டிவிட்டார்கள். எங்களில் ஒருத்தருக்கும் அது ஞாபகம் இல்லை. அவனுக்கு மட்டும் முதல் இரண்டு வரி இன்னும் பாடம். சொல்லு என்றோம். சொல்லமாட்டேன் என்றான். கொப்பி வீட்டில் எங்கேயோ இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்றான்.

கிடைத்தால் அடுத்த கட்டுரை அதைப் பற்றி.